நாடு மாறும் ஓட்டக்காரர் கவனிக்க வேண்டியவை

முதலில் குடியுரிமை. புதிய நாட்டில் வசிப்பு அனுமதி மட்டும் இருந்தால் போதாது. பாஸ்போர்ட் கைக்கு வரவேண்டும். நைஜீரியாவில் பிறந்த பிரான்சிஸ் ஒபிக்வெலு 2001-இல் போர்ச்சுகல் குடிமகனானார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் 100 மீட்டரில் 9.86 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கிக் கொடுத்தார்.

பழைய நாட்டுச் சீருடையில் கடைசியாக ஓடிய தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலிம்பிக் சாசனம் கேட்கும் 3 ஆண்டுக் காத்திருப்பு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும். பலர் சறுக்குவது இங்கேதான்: "ஒரே ஒரு தொடர் ஓட்டம்தானே" என்று இடையில் பழைய அணிக்கு ஓடினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. சம்பந்தப்பட்ட ஒலிம்பிக் கமிட்டிகள் ஒப்புக்கொண்டால் காலம் குறையலாம். ஆகவே பழைய சங்கத்தோடு சண்டை போட்டுவிட்டு வராதீர்கள்.

உலகத் தடகள அமைப்பின் விதிகள் 2018-இல் இறுகிவிட்டன. 20 வயதுக்கு முன் மாற முடியாது. மாற்றமும் ஒரே ஒரு முறைதான். விண்ணப்பத்தைப் புதிய நாட்டுச் சங்கம் அனுப்ப வேண்டும், நீங்களாக அனுப்பினால் நகராது.

காத்திருக்கும் காலத்தில் டயமண்ட் லீக் போன்ற ஒருநாள் போட்டிகளில் ஓடலாம், அங்கே நாட்டணி கிடையாது. ஆனால் வேகம் மங்காமல் 3 ஆண்டு தள்ளுவது லேசல்ல. 28 வயதில் தொடங்குபவர் நன்றாக யோசிக்கட்டும்.