மலிவான ஒற்றைத் தோட்டா ரைபிளுக்கு அழுத்த எல்லையைக் கணிப்பது எப்படி

மலேசியாவில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதும் தோட்டா தயாரிப்பதும் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமாகும். ஆகவே பினாங்கிலிருந்து எழுதப்படும் இக்குறிப்பு இங்கே யாரும் செய்து பார்ப்பதற்கு அன்று. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் குடியேறி, முறையான உரிமத்துடன் காட்டுப்பன்றி வேட்டைக்குச் செல்லும் என் மைத்துனரைப் போன்றவர்களுக்கு உரியது. அவர் வாங்கியிருப்பது குழலை மடக்கித் திறந்து ஒரே ஒரு தோட்டாவை இடும் பழைய, விலை குறைந்த ரைபிள். அதற்கான தோட்டாக்களை, வெற்றுக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் இட்டு, அவரே நிரப்பிக்கொள்கிறார்.

பிறைத் தொழிற்பேட்டையில் நீண்ட காலம் கொதிகலன்களைக் கவனித்தவன் என்ற முறையில் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: கொதிகலனுக்கு அழுத்தமானி உண்டு, பாதுகாப்பு வால்வு உண்டு; ரைபிளில் தோட்டா அமரும் அறைக்கு இரண்டும் இல்லை. எனவே எல்லையை வெடித்த பின் அல்ல, வெடிமருந்தை நிறுப்பதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

அந்த எல்லையை ஒவ்வொரு தோட்டா வகைக்கும் அமெரிக்காவில் 1926 முதல் இயங்கும் தரநிர்ணய அமைப்பு ஒன்று வகுத்திருக்கிறது. அதன் பெயர்ச் சுருக்கம் நம் காதில் ‘சாமி’ என்றே விழும். அதன்படி அதிகபட்ச சராசரி அழுத்தம் 45-70 தோட்டாவுக்கு 28,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அலகு), 30-30-க்கு 42,000, 223 ரெமிங்டனுக்கு 55,000, 308 வின்செஸ்டருக்கு 62,000. தோட்டா நிரப்புவோருக்கான பழைய கையேடுகளில் செம்பு உருளை நசுங்கும் அளவைக் கொண்டு கணித்த ‘சியூபி’ என்னும் வேறோர் அலகு இருக்கும். அதில் 223, 308 இரண்டுக்குமே எல்லை 52,000தான். பிஎஸ்ஐயிலோ இரண்டுக்கும் 7,000 வித்தியாசம். ஒன்றை மற்றொன்றாக மாற்றச் சூத்திரம் எதுவும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் மடக்கு ரைபிளின் குழலை மூடிப் பிடிக்கும் பூட்டு உணர்வது அழுத்தத்தை மட்டும் அன்று, தோட்டாவின் அடிப்பாகம் பின்னோக்கித் தள்ளும் விசையையும் ஆகும். அழுத்தத்தை அடிப்பாகத்தின் பரப்பால் பெருக்கினால் அந்த விசை தோராயமாகக் கிடைக்கும். கூட்டின் வெளிவிட்டத்தை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன்: 45-70-க்கு ஏறத்தாழ 2.5 டன், 30-30-க்கு 2.7 டன், 223-க்கு 2.8 டன், 308-க்கு 4.9 டன். அழுத்தத்தில் 30-30-ஐவிட மிகவும் தாழ்ந்த 45-70, பருத்த அடிப்பாகத்தினால் கிட்டத்தட்ட அதே விசையைத் தருகிறது. அதே 45-70-க்கு, வலுவான லீவர் ரைபிள்களுக்கென்று கையேடு தனியாகப் பிரித்துத் தரும் கூடுதல் அளவில் நிரப்பி, அழுத்தம் 40,000 பிஎஸ்ஐ ஆனால் விசை 3.6 டன்னாகிவிடும். ஆகவே 45-70 பக்கத்தைத் திறப்பவர், 1873-ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு போன்ற பழைய துப்பாக்கிகளுக்கு உரிய முதற்பட்டியலோடு நின்றுகொள்வதே நல்லது.

குழலும் பூட்டும் பொருந்தியிருக்கும் சட்டகத்தையும் பார்க்க வேண்டும். ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மடக்குத் துப்பாக்கிகளில் எஸ்பி1 என்பது சன்னத் துப்பாக்கிக்கான சட்டகம், எஸ்பி2 என்பது உயர் அழுத்த ரைபிளுக்கானது. வெளித்தோற்றம் ஒன்றுபோல இருக்கிறதென்று குழலை மாற்றிப் பொருத்துவது தற்கொலைக்குச் சமம். துப்பாக்கியை வெறுமையாக்கி மூடி, குழலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் ஒரு தோட்டாவும் சுட வேண்டாம்.

நிரப்பும்போது கையேடு தொடக்க அளவு தந்திருந்தால் அதிலிருந்தும், தராவிட்டால் உச்ச அளவிலிருந்து 10 விழுக்காடு குறைத்தும் தொடங்குங்கள். அதற்கும் கீழே போனால் இன்னும் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம்; மெதுவாக எரியும் மருந்தைப் பெரிய கூட்டில் மிகக் குறைவாக இட்டால் அழுத்தம் எதிர்பாராமல் எகிறலாம். இதற்கு விதிவிலக்காக எச்4895 மருந்தை, உச்ச அளவின் 60 விழுக்காட்டுக்குக் கீழே போகாதபடி குறைத்துப் பயன்படுத்தலாம் என்று அதை விற்கும் நிறுவனமே சொல்கிறது. ஆஸ்திரேலியக் கடைகளில் அதன் பெயர் ஏஆர்2206எச். கடைசி எழுத்து இல்லாத ஏஆர்2206 வேறு மருந்து, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு பன்றியை ஒரே தோட்டாவால் வீழ்த்த வேண்டிய ரைபிளுக்கு உச்ச வேகத்தைவிட இந்த மென்மையான அளவே பொருந்தும் என்பது என் கருத்து.

கூட்டை மாற்றினால் அளவையும் மாற்றி, மீண்டும் கீழிருந்து தொடங்க வேண்டும். இராணுவக் கூடுகள் பெரும்பாலும் தடித்தவை. உள்ளிடம் குறைவதால் அதே மருந்து அதிக அழுத்தம் தரும். 308 கூட்டின் நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டினால் கழுத்து அறையில் நெருக்கப்பட்டு குண்டு விடுபடத் தடுமாறும், எனவே 2.005-க்கு வெட்டிவிடுங்கள். போல்ட் ரைபிள் இறுக்கமான கூட்டை நெம்பித் தள்ளிவிடும், மடக்கு ரைபிளால் அது முடியாது. அதற்காகக் கூட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும்போது அதன் தோள்பட்டையை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை) அளவுக்கு மீறிப் பின்தள்ளினாலோ, சுடும்போது கூடு நீண்டு அடிப்பாகத்துக்கு மேலே பளபளப்பான வளையம் தோன்றும்; அந்தக் கூடு அடுத்த முறை பிளந்துகொள்ளலாம், உடனே ஒதுக்கிவிடுங்கள்.

அறிகுறிகளைப் பார்ப்பது தேவைதான், ஆனால் அவை தாமதமாகவே வரும். கூட்டின் அடியில் மருந்துக்குத் தீமூட்டும் சிறு மூடியான பிரைமர் தட்டையாவதை மட்டும் நம்ப முடியாது. அறையில் இடைவெளி கூடினாலும் அது தட்டையாகும். சுட்டபின் குழல் திறக்கக் கடினமாக இருந்தாலோ, கூடு ஒட்டிக்கொண்டாலோ, துப்பாக்கி தானாகவே திறந்துகொண்டாலோ அங்கேயே நிறுத்துங்கள். குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி வைத்திருப்பவருக்கு இன்னொரு சான்றும் உண்டு: அதே நீளக் குழலுக்குக் கையேடு தரும் உச்ச வேகத்தைத் தாண்டினால், எந்த அறிகுறியும் தெரியாவிட்டாலும் அழுத்தம் எல்லையைத் தொட்டுவிட்டதாகவே கொள்ள வேண்டும்.

வெயிலையும் கணக்கில் சேருங்கள்; சூடான மருந்து கூடுதல் அழுத்தம் தரும். குளிர்காலக் காலையில் சோதித்த தோட்டாக்களை மைத்துனர் ஒரு கோடைப் பகலில் காரின் முன்கண்ணாடியோரம் வைத்துவிட்டுப் பிற்பகலில் சுட்டிருக்கிறார். குழலைத் திறக்க முழங்காலில் வைத்து அழுத்த வேண்டியிருந்ததாம். மீதி இருந்த 17 தோட்டாக்களையும் சுத்தியல் வகை குண்டுநீக்கியால் பிரித்து, மருந்தை 2 கிரெயின் (ஏறத்தாழ 0.13 கிராம்) குறைத்து மீண்டும் நிரப்பினார். இப்போது அவை ஐஸ் இல்லாத குளிர்பெட்டியில், காரின் பின்னிருக்கைக்குக் கீழே பயணம் செய்கின்றன.