ஒரே சிம் அட்டையில் ஓர் அலுவலக மின்னஞ்சல் சர்வர்

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கட்டுமானத் தளம். கொள்கலன் ஒன்றுதான் அலுவலகம். ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே டேட்டா சிம். ஒருவர் 6 எம்பி வரைபடத்தை மற்ற ஐவருக்கும் அனுப்பினார். மின்னஞ்சலில் ஏறும்போது இணைத்த கோப்பு மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். ஆக 8 எம்பி. ஒருமுறை மேலே போய், ஐந்து முறை கீழே இறங்கி 48 எம்பியைத் தின்றது. இத்தனைக்கும் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே வேலை பார்க்கும் நண்பர் என்னைக் கூப்பிட்டது இதற்காகத்தான். தீர்வு, உள்ளூர்க் கடிதங்களை வெளியே விடாமல் கொள்கலனுக்குள்ளேயே பட்டுவாடா செய்யும் ஒரு சிறிய மின்னஞ்சல் சர்வர்.

முழு சர்வர் கட்டும் ஆசையை முதலில் விடுங்கள். டேட்டா சிம்முக்குப் பெரும்பாலும் சொந்தமாகப் பொது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் பிறர் தேடி வரக்கூடிய எண் முகவரி, கிடையாது. வெளியார் வந்து கதவைத் தட்ட முடியாது. உங்கள் டொமைனுக்கு (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) வரும் கடிதங்களை ஒரு மின்னஞ்சல் சேவை நிறுவனம் வாங்கி வைக்கட்டும். நம் சர்வர் நேரம் பார்த்துப் போய் எடுத்துவரும், கொடுத்துவரும்.

1. கணினி. மின்னணுப் பொருள் கடைகள் உள்ள சிம் லிம் டவருக்குப் போய் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி வாங்கலாம். நான் பழைய மடிக்கணினியைத்தான் சொல்வேன். ஒரு வெள்ளி செலவில்லை. ஜெனரேட்டரை நிறுத்தினாலும் அதன் பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். பை வைத்த முதல் வாரத்திலேயே மின்சாரம் போய் மெமரி கார்டு கெட்டது என் அனுபவம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுங்கள். மூடியை மூடினால் கணினி தூங்கிவிடும். அதை அமைப்பில் நிறுத்துங்கள். ரௌட்டரில் அதற்கு மாறாத ஐபி முகவரி கொடுங்கள்.

2. மென்பொருள். கடிதங்களை அனுப்பிப் பிரிக்கும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியிலிருந்து படிக்கக் கொடுக்கும் டவ்காட், வெளிக்கணக்கிலிருந்து எடுத்துவரும் ஃபெட்ச்மெயில் மூன்றும் இலவசம். நிறுவும்போது போஸ்ட்ஃபிக்ஸ் கேட்கும் கேள்விக்கு ‘இன்டர்நெட் வித் ஸ்மார்ட்ஹோஸ்ட்’ (வெளிக்கடிதங்களை வேறொரு சர்வர் வழியே அனுப்புவது) என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘சாட்டிலைட்’ என்றால் உள்ளூர்க் கடிதமும் வெளியே போய்விடும். ஆறு பேருக்கும் கணினியில் பயனர் கணக்கு திறங்கள். கடிதப்பெட்டி வகையாக போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் இரண்டிலும் மெயில்டிர் (ஒவ்வொரு கடிதமும் தனிக் கோப்பு) என்றே குறிப்பிடுங்கள். இல்லையேல் கடிதம் ஓரிடத்தில் விழும், டவ்காட் வேறிடத்தில் தேடும்.

3. போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பில் முக்கிய வரிகள். ‘ரிலேஹோஸ்ட்’ வரியில் சேவை நிறுவனத்தின் சர்வர் பெயரும் போர்ட் 587உம். அதற்கான பயனர் பெயர், கடவுச்சொல் உள்ள கோப்பை ரூட் (கணினியின் நிர்வாகக் கணக்கு) மட்டுமே படிக்கும்படி வையுங்கள். ‘மைடெஸ்டினேஷன்’ வரியில் உங்கள் டொமைன். வரைபடம் கொள்கலனைத் தாண்டாமல் இருப்பது இந்த ஒரு வரியால்தான். ஆனால் தலைமை அலுவலகத்தாரும் அதே டொமைனில் இருந்தால் தளத்துக்குத் துணை டொமைன் ஒன்று எடுங்கள். இல்லாவிட்டால், அவர்களுக்கு எழுதும் கடிதம் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று திரும்பும். ‘மைநெட்வொர்க்ஸ்’ வரியில் வைஃபையின் முகவரி வரம்பைச் சேருங்கள், 192.168.1.0/24 போல இருக்கும். இதை மறந்து அரைநாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

4. சிக்கனம். அதே கோப்பில் ‘டிஃபர் டிரான்ஸ்போர்ட்ஸ்’ என்பதற்கு ‘எஸ்எம்டிபி’ (வெளியே கடிதம் அனுப்பும் வழி) என்று கொடுத்தால், வெளிக்கடிதங்கள் நீங்கள் சொல்லும்வரை வரிசையில் காத்திருக்கும். அரைமணிக்கு ஒருமுறை வரிசையைத் தள்ளிவிட, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் ஒரு வரி போதும். போகாத கடிதத்தை போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாளில் திருப்பிவிடும்; சீனப் புத்தாண்டுக்குத் தளம் மூடிக் கிடக்குமே, அதை 10 நாளாக்குங்கள்.

5. கடிதம் எடுத்தல். ஃபெட்ச்மெயிலில் ஒவ்வொருவரின் வெளிக்கணக்கையும் அவரவர் உள்ளூர்ப் பயனர் பெயருடன் இணையுங்கள். எடுத்த கடிதத்தை அது மூலச் சர்வரிலிருந்து அழித்துவிடும்; பழகும்வரை ‘கீப்’ சேர்த்தே ஓட்டுங்கள். ‘லிமிட்’ வைத்தால் பெரிய கடிதங்கள் இறங்காமல் அங்கேயே இருக்கும்.

6. சோதனை. சிம்மைக் கழற்றுங்கள். பக்கத்து மேசைக்கு ஒன்று, வெளியூருக்கு ஒன்று அனுப்புங்கள். முதலாவது உடனே வந்துவிடும். மற்றது ‘மெயில்க்யூ’ கட்டளையில் தெரியும். சிம்மைச் செருகி வரிசையைத் தள்ளுங்கள். சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டால் ‘மெயில் க்யூ இஸ் எம்ப்டி’ என்று பதில் வரும்.