கேபிள் மாட்டியும் படம் வரவில்லையா?

காட்பாடியில் அறை எடுத்துத் தங்கும் விஐடி மாணவர்கள் பலர் லேப்டாப்புக்குத் துணையாகப் பழைய மானிட்டர் ஒன்றையும் வாங்கிக்கொள்கிறார்கள். நல்ல யோசனைதான், கண்ணுக்கும் கழுத்துக்கும் இதம். ஆனால் கேபிள் வாங்கும்போது இரண்டு பக்கமும் முனை சேருகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். முனை சேருவது வேறு, உள்ளே ஓடும் சிக்னல் சேருவது வேறு.

அதிகம் பேர் ஏமாறுவது ஒரு பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், மறுபக்கம் எச்டிஎம்ஐ உள்ள கேபிளில். கம்ப்யூட்டரில் டிஸ்ப்ளேபோர்ட்டும் டிவியில் எச்டிஎம்ஐயும் இருந்தால் இது பெரும்பாலும் வேலை செய்யும். பல கம்ப்யூட்டர்களின் டிஸ்ப்ளேபோர்ட்டால் எச்டிஎம்ஐ சிக்னலையும் அனுப்ப முடியும் என்பதே காரணம். அதையே திருப்பி, லேப்டாப்பின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாட்டினால் திரையில் 'நோ சிக்னல்'தான். கேபிள் கெட்டுப்போகவில்லை, அது ஒருவழிப் பாதை. அந்தத் திசைக்கு, மின்சாரம் எடுத்துச் சிக்னலை மாற்றித் தரும் கன்வெர்ட்டர் தனியாக வேண்டும். இரண்டு முனைகளையும் பிரித்தறிவது சுலபம்: எச்டிஎம்ஐ முனையில் கீழ்ப்பக்கம் இரு மூலைகளும் சரிந்திருக்கும், டிஸ்ப்ளேபோர்ட்டில் ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும்.

அடுத்த குழப்பம் டைப்-சி. எல்லா டைப்-சி போர்ட்டிலும் படம் வராது. சிலவற்றில் சார்ஜும் டேட்டாவும் மட்டுமே. போர்ட் பக்கத்தில் தண்டர்போல்ட் என்ற வகையின் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருந்தால் நம்பலாம், இல்லையென்றால் மாடல் எண்ணைப் போட்டு விவரம் பாருங்கள். போர்ட் சரியாக இருந்தும் படம் வராவிட்டால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். போனுடன் வரும் சார்ஜிங் கேபிள்கள் பலவற்றில், படம் போக வேண்டிய அதிவேகக் கம்பிகளே இருக்காது.

பழைய பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் விஜிஏ புரொஜெக்டர்கள் இன்னும் ஓடுகின்றன. 1987இல் வந்த விஜிஏ அனலாக், எச்டிஎம்ஐ டிஜிட்டல். நடுவில் மாற்றித் தரும் சிப் இல்லாத வெறும் கேபிள், என்ன விலைக்கு வாங்கினாலும் பயன்படாது. விஜிஏவில் ஒலியும் போகாது, ஸ்பீக்கருக்கு ஆடியோ வயர் தனியாக இழுக்க வேண்டும். டிவிஐ என்ற இன்னொரு பழைய வகைப் போர்ட் என்றால், தட்டையான பின் நுழையும் இடத்தைச் சுற்றி நான்கு துளைகள் இருக்கின்றனவா பாருங்கள். அவை இல்லாத டிவிஐயிலிருந்து சாதாரண அடாப்டர் போட்டு விஜிஏவுக்குப் போக முடியாது.

4கே டிவி வாங்கியவர்கள், மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறது என்று டிவியைக் குறை சொல்வார்கள். எச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் தரும், 60 வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் 2.0 இருக்க வேண்டும். சில டிவிகளில் அதற்கான அமைப்பை மெனுவில் நாமே இயக்கவும் வேண்டும். கேபிள் உறையில் '2.1' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த எண் போர்ட்டுக்கு உரியது. கேபிளுக்குப் பார்க்க வேண்டியது 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்ற முத்திரையும் ஸ்கேன் செய்யக்கூடிய கியூஆர் கோடும்.

கடைசியாக நீளம். குடியாத்தமோ ஆற்காடோ, கல்யாண மண்டபத்தில் மேடைத் திரைக்கு 20 மீட்டர் சாதாரண எச்டிஎம்ஐ இழுத்தால் படம் விட்டு விட்டு வரும், சில சமயம் வரவே வராது. அந்தத் தூரத்துக்கு ஃபைபர் எச்டிஎம்ஐ நல்லது. அதிலும் திசை உண்டு: ஒரு முனையில் 'சோர்ஸ்', மறுமுனையில் 'டிஸ்ப்ளே' என்று போட்டிருக்கும். சுவருக்குள் பைப்பில் இழுப்பதற்கு முன்பே தரையில் விரித்து, இரு பக்கமும் மாட்டி, படம் ஓடவிட்டுப் பாருங்கள். இழுத்த பிறகு தலைகீழ் என்று தெரிந்தால் முழுக் கேபிளையும் உருவி எடுக்க வேண்டியிருக்கும்.