ஊர்ப் பட்டறைக்கு எல்.இ.டி. விளக்கு: கணக்குப் போடுவதில் இருந்து மாட்டுவது வரை

கொடைக்கானல் மேல்மலையில் ஐப்பசி பிறந்துவிட்டால் மதியம் மூன்று மணிக்கே கட்டடத்துக்குள் விளக்கு போட்டாக வேண்டும். மழை இல்லாத நாளிலும் மஞ்சு இறங்கி மூடிக்கொள்ளும். எங்கள் ஊரில் பழைய பூண்டுக் கிடங்கு ஒன்றைப் பொதுப் பட்டறையாக மாற்றியிருக்கிறோம். ஒரு கோடியில் மர வேலை, நடுவில் தையல் மிஷின்கள், வாசல் பக்கம் ஸ்பிரேயரும் பிரஷ் கட்டரும் பழுது பார்க்கும் மேஜை. கல் சுவர், தகரக் கூரை. அதற்கு விளக்கு அமைத்த முறையை, இதே வேலையில் இறங்கப்போகிற மற்ற ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். வயர் இழுப்பது, ஸ்விட்ச் போர்டு மாட்டுவது எல்லாம் உங்கள் எலக்ட்ரீஷியனுக்குத் தெரியும். அதை இங்கே தொடவில்லை.

1. வாட்டை விடுங்கள், லூமனைப் பாருங்கள்

கடையில் போய் நின்றதும் "எத்தனை வாட் வேணும்?" என்றுதான் கேட்பார்கள். வாட் என்பது விளக்கு தின்னும் கரண்ட். விளக்கு கொடுக்கும் வெளிச்சத்தைச் சொல்வது லூமன். அந்த வெளிச்சம் மேஜை மேல் எவ்வளவு விழுகிறது என்பது லக்ஸ். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் ஒரு லக்ஸ். நான்கடி, 20 வாட் எல்.இ.டி. பேட்டன் (ட்யூப்லைட் போல நீளமான விளக்கு) சுமார் 2000 லூமன் கொடுக்கும். அதே 20 வாட்டில் 1600 லூமன் கொடுப்பதும் கடையில் இருக்கிறது, விலையும் பெரிதாகக் குறையாது. அட்டைப் பெட்டியில் லூமன் போடாத சரக்கைத் தொடவே தொடாதீர்கள்.

எந்த இடத்துக்கு எவ்வளவு? நடக்கிற வழிக்கும் சாமான் அடுக்கும் மூலைக்கும் 100 முதல் 150 லக்ஸ். பொதுவாக அறை முழுக்க 200 முதல் 300. அளந்து கோடு போட்டு மரம் அறுக்கும் மேஜைக்கும் கார்புரேட்டர் பிரிக்கும் மேஜைக்கும் 500. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிறவருக்கும் சர்க்யூட் போர்டில் பற்றவைக்கிறவருக்கும் 750. பட்டறைக்கு வரும் பெரியவர்களையும் கணக்கில் வையுங்கள். 60 வயதுக்காரர் கண்ணுக்குள் போய்ச் சேரும் வெளிச்சம், 20 வயதுக்காரருக்குப் போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். "நல்லாத்தானே தெரியுது" என்று இளவட்டங்கள் சொல்வதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

2. கணக்கு

எங்கள் கிடங்கு 30 அடிக்கு 20 அடி. 600 சதுர அடி, அதாவது சுமார் 56 சதுர மீட்டர். அறை முழுக்க 200 லக்ஸ் வேண்டுமென்றால் 56 × 200 = 11,200 லூமன் மேஜை மட்டத்தில் விழ வேண்டும்.

இதை அப்படியே 2000-ஆல் வகுத்து "ஆறு பேட்டன் போதும்" என்று வாங்கினால் பட்டறை மங்கலாகத்தான் இருக்கும். விளக்கில் இருந்து கிளம்புவதெல்லாம் மேஜைக்கு வருவதில்லை. சுவரும் கூரையும் ஒரு பங்கை விழுங்கிவிடும், மிஞ்சுவது 0.6 பங்கு. நாள்பட விளக்கு மங்கும், மேலே மரத்தூள் படியும், அதில் மிஞ்சுவது 0.8 பங்கு. இரண்டையும் பெருக்கினால் 0.48. இப்போது 11,200 ÷ 0.48 = சுமார் 23,300 லூமன். 2000-ஆல் வகுத்தால் 12 பேட்டன், மொத்தம் 240 வாட். பழைய 40 வாட் ட்யூப் பன்னிரண்டு எரித்தால் சோக் தின்பதையும் சேர்த்து 600 வாட்டைத் தாண்டும்.

அந்த 0.6 வெளிர் நிறச் சுவருக்கான கணக்கு. துரு ஏறிய தகரமும் வெறும் கல் சுவரும் இருந்தால் அது 0.4-க்குப் போய்விடும், பேட்டன் எண்ணிக்கை பதினெட்டைத் தொடும். ஆகவே விளக்கு வாங்குவதற்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு, தகரத்தின் உட்பக்கம் வெள்ளைப் பெயின்ட். இதைவிட மலிவான விளக்கு கிடையாது.

அறை முழுக்க 500 லக்ஸ் போட வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டாம். பொது வெளிச்சம் 200, மேஜைக்கு மேல் தனி விளக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். மேஜையில் இருந்து ஒரு மீட்டர் உயரத்தில் ஒரு 20 வாட் பேட்டனைத் தொங்கவிட்டால் அதற்கு நேர் கீழே 500 லக்ஸ் அளவில் வந்துவிடும். அதையே இரண்டு மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆள் இல்லாத மேஜையின் விளக்கை அணைத்தும் வைக்கலாம்.

3. துடிப்பு: இங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும்

நம் வீட்டுக் கரண்ட் நொடிக்கு 50 முறை மாறி மாறிப் பாய்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை பூச்சியத்தைத் தொடுவதால், மட்டமான எல்.இ.டி. நொடிக்கு 100 முறை அணைந்து அணைந்து எரியும். கண்ணுக்கு அது தொடர்ந்து எரிவதாகத்தான் தெரியும். பழைய ட்யூப்பும் துடித்ததுதான். ஆனால் அதன் உள்பூச்சு கொஞ்ச நேரம் வெளிச்சத்தைப் பிடித்து வைத்திருக்கும். மலிவு எல்.இ.டி. சட்டென்று முழுக்க அணைந்துவிடுகிறது.

கடைசல் மிஷின் இருக்கும் பட்டறையில் இது உயிர் விவகாரம். நான்கு தாடைச் சக் (மரத்தைப் பிடித்துச் சுழற்றும் பிடி) ஒன்று நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 25 சுற்று. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் சரியாகக் கால் சுற்று திரும்பியிருக்கும். நான்கு தாடையும் ஒரே மாதிரி இருப்பதால், சக் அசையாமல் நிற்பது போலவே தெரியும். சாதாரண மோட்டார் 1440 சுற்றில் ஓடும்; அப்போது சக் மெதுவாக, நொடிக்கு ஒரு சுற்றாகப் பின்னோக்கிப் போவது போலத் தெரியும். மரத்தூளைத் தட்டிவிடக் கை நீட்டுகிறவருக்கு மிஷின் ஓடுவதே உறைக்காது. பக்கத்தில் இன்னொரு மோட்டார் இரைந்துகொண்டிருந்தால் சத்தத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது.

சோதிக்கச் செலவில்லை. கடையில் விளக்கை எரியவிட்டு, அதன் கீழே ஒரு பென்சிலை விசிறி போல வேகமாக ஆட்டுங்கள். மங்கலாக ஒரே பட்டையாகத் தெரிந்தால் நல்ல விளக்கு. தனித்தனிப் பென்சில்களாக வரிசை கட்டித் தெரிந்தால் துடிக்கிறது. மற்ற விளக்குகளையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு ஆட்டுங்கள். போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

பிரச்சினை விளக்கில் இல்லை, உள்ளே இருந்து எல்.இ.டி.க்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் டிரைவரில். தனி டிரைவர் இல்லாமல், எல்.இ.டி. பலகையிலேயே ஒரு சின்ன ஐ.சி.யை ஒட்டிவிட்ட ரகம்தான் பெரும்பாலும் துடிக்கும். கரண்டை ஒரே சீராகக் கொடுக்கும் நல்ல கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசல் மிஷினுக்கும் வட்ட ரம்பத்துக்கும் நான் பேட்டனை நம்புவதே இல்லை. 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை அலுமினியச் சட்டத்துக்குள் ஒட்டி, நல்ல எஸ்.எம்.பி.எஸ். (மெயின் கரண்டை 12 வோல்ட் நேர் மின்சாரமாக மாற்றும் பெட்டி) வைத்து எரிப்பதுதான் என் விருப்பம். நேர் மின்சாரத்தில் ஓடுவதால் துடிப்பு இல்லை. கரண்ட் போனாலும் 12 வோல்ட் பேட்டரியில் தொடர்ந்து எரிய வைக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் ரம்பத்தின் முன்னால் திடீர் இருட்டு வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஸ்ட்ரிப் ஐந்து மீட்டரைத் தாண்டினால் இரண்டு முனையிலும் சப்ளை கொடுங்கள், இல்லாவிட்டால் கடைசிப் பகுதி மங்கும்.

4. நிறம்

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் கூடினால் நீலம் ஏறும், குறைந்தால் மஞ்சள் ஏறும். நம் பக்கம் எல்லாக் கடையிலும் 6500 கெல்வின் நீல வெள்ளைதான் கிடைக்கும். 4000 கெல்வின் கேட்டால் "ஆர்டர் போட்டுத் தரேன்" என்பார்கள். காத்திருந்து வாங்குங்கள். மஞ்சு மூடிய குளிர் நாளில் 6500-இன் கீழே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டால் காரணம் புரியும்.

அதைவிட முக்கியம் சி.ஆர்.ஐ. என்ற எண். பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண். முழு மதிப்பெண் 100. வெள்ளை எல்.இ.டி. உண்மையில் ஒரு நீல எல்.இ.டி.; அதன் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியிருப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீலத்தைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 2014-இல் மூன்று பேருக்கு இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். மட்டமான பாஸ்பரில் சிவப்பு வறண்டு போயிருக்கும். ரெசிஸ்டர் என்ற மின்னணுப் பாகத்தில் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சுப் பட்டைகள் மூன்றும் ஒன்று போலத் தெரியும். கருநீல நூலையும் கறுப்பு நூலையும் பிரிக்க அக்காமார் வாசலுக்கு எழுந்து போவார்கள். பொது விளக்குக்கு 80 போதும். தையல், மின்னணு மேஜைகளுக்கு மட்டும் 90 வாங்குங்கள்.

5. மலைக்கு ஏற்ற சரக்கு

குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம். பழைய ட்யூப்தான் விடியற்காலைக் குளிரில் மினுக்கி மினுக்கிப் பற்றும், எல்.இ.டி.க்குக் குளிர் நல்லது. ஈரமும் பூச்சியும் மரத்தூளும்தான் எதிரிகள். ஐ.பி. 65 என்று போட்ட, மூடிய பேட்டன் வாங்குங்கள். முதல் எண் 6 தூசி புகாது என்பதற்கு, அடுத்த 5 பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு. மழை விட்ட சாயங்காலம் ஈசல் உள்ளே போய் மடியாமல் இருப்பதற்கே இந்த விலை கொடுக்கலாம்.

லைனின் கடைசியில் இருக்கும் ஊர்களில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும். 140 முதல் 270 வோல்ட் வரை என்று அச்சிட்ட விளக்குக்கு அது பொருட்டில்லை. இடி மின்னலுக்கு 4 கிலோவோல்ட் சர்ஜ் (லைனில் திடீரென்று பாயும் அதிக வோல்டேஜ்) தாங்கும் ரகம் பாருங்கள். கூடவே மெயின் போர்டில் ஒரு சர்ஜ் தடுப்பான் வைத்தால் மிஷின்களுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. அது வேலை செய்ய எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் ஆர் (R) என்ற எழுத்தில் தொடங்கும். அது இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

6. மாட்டுவது

தரையில் சுண்ணக்கட்டியால் மேஜைகளையும் மிஷின்களையும் முதலில் வரையுங்கள். எங்கள் 20 அடி அகலத்துக்கு மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு பேட்டன். வரிசைகளுக்கு நடுவே சுமார் ஆறே முக்கால் அடி, சுவருக்கும் முதல் வரிசைக்கும் அதில் பாதி. கூரை முகட்டில் மாட்டாமல் சங்கிலி போட்டு ஒன்பதடி உயரத்தில் தொங்கவிடுங்கள். மேஜை விளக்கு, வேலை செய்கிறவரின் தலைக்குப் பின்னால் வரக் கூடாது. வந்தால் அவர் நிழலே வேலை மேல் விழும். மேஜையின் முன் விளிம்புக்கு நேர் மேலே, மேஜையின் நீளவாக்கில் மாட்டுங்கள். தையல் மிஷினுக்கு இடது பக்கமிருந்து வெளிச்சம் வரட்டும்.

விளக்குக்குத் தனி எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானே அணையும் ஸ்விட்ச்), மிஷினுக்குத் தனி. மிஷின் ட்ரிப் ஆனால் விளக்கும் சேர்ந்து போகக் கூடாது. விளக்கையும் இரண்டு சர்க்யூட்டாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றாக இணையுங்கள்.

கழற்றிய பழைய ட்யூப்களை உடைத்துக் குப்பையில் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. பாதரசம் என்ன செய்யும் என்று, 2001-இல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையைப் பார்த்த கொடைக்கானல்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முழுசாக அட்டைப் பெட்டியில் வைத்து மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்களிடமிருந்து மூன்று கேள்விகள் வந்தன.

பழைய ட்யூப்லைட் பட்டியிலேயே எல்.இ.டி. ட்யூப்பைச் செருகலாமா? செருகலாம், ஆனால் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் நீக்கிவிட்டு வயரை மாற்றிக் கட்ட வேண்டும். சில ட்யூப்புக்கு ஒரே முனையில் சப்ளை, சிலதுக்கு இரு முனையிலும். இரண்டாவது ரகத்தில் ஒரு முனையைச் செருகியதும் மறுமுனைப் பின்னில் கரண்ட் இருக்கக்கூடும். மெயினை அணைக்காமல் கை வைக்காதீர்கள். என்னைக் கேட்டால் புது பேட்டனே வாங்கிவிடுவேன்.

ஸ்விட்சை அணைத்த பிறகும் லேசாக எரிகிறதே? ஸ்விட்சில் குட்டி இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசியும் கரண்டே போதும். அதை மாற்றியும் எரிந்தால், ஸ்விட்ச் கரண்ட் வரும் ஃபேஸ் வயருக்குப் பதில் திரும்பும் நியூட்ரல் வயரில் இருக்கலாம். அது ஆபத்து, உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இன்வெர்ட்டரில் போட்டால் விளக்கு இரைகிறது என்று பண்ணைக்காட்டில் இருந்து ஒருவர் கேட்டார். அவருடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். கண்டென்சர் வைத்து ஓட்டும் மலிவு பல்புகள் அதில் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகிச் சீக்கிரம் போய்விடும். சைன் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறுங்கள், அல்லது மேலே சொன்ன 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை, இடையில் சரியான ஃப்யூஸ் வைத்து, நேரே பேட்டரியில் எரியுங்கள்.