பார்சல் வரவில்லையா? முதலில் லேபிள் போட்டோவைக் கேளுங்கள்

தமிழ்நாட்டில் திருப்பத்தூர் இரண்டு உண்டு. ஒன்று நம்ம பக்கம், 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்து இப்போது தனி மாவட்டமாகிவிட்டது, பின்கோடு 635601. இன்னொன்று சிவகங்கை மாவட்டத்தில், 630211. நம்ம திருப்பத்தூரில் இருக்கும் என் சித்திக்கு முழங்காலில் போடும் பட்டை ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். நான் கொடுத்த முகவரியில் 635601 என்று சரியாகவே இருந்தது. அனுப்பியவர் ஊர்ப்பெயரை மட்டும் பார்த்துவிட்டு 630211 என்று எழுதி, ஃபோன் நம்பரையும் விட்டுவிட்டார். பார்சல் சிவகங்கைப் பக்கம் போய், அப்படி ஒரு தெருவே இல்லை என்று திரும்பி, மறுபடி கிளம்பி வந்து சேரப் பதினெட்டு நாள். அத்தனை நாளும் சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். நானோ காட்பாடியில் இருந்த கூரியர் ஆபீசுக்கே ஃபோன் போட்டுக்கொண்டிருந்தேன், அவர்கள் கையில் பார்சல் வரவே இல்லை.

அதனால் தாமதமானால் முதலில் அனுப்பியவரைப் பிடியுங்கள். ஒட்டிய லேபிளின் போட்டோவையும் புக்கிங் ரசீதையும் கேளுங்கள். "அனுப்பிட்டோம் சார்" என்ற பதிலோடு விடாதீர்கள். டிராக்கிங்கில் லேபிள் தயாரானதாக மட்டும் நாள் கணக்கில் காட்டினால், பொருள் பெரும்பாலும் அவர் கடை அலமாரியில்தான் இருக்கிறது. ஸ்பீட் போஸ்ட் என்று சொன்னால் நம்பரைப் பாருங்கள்: மொத்தம் பதின்மூன்று எழுத்து, முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவே ஒன்பது இலக்கம், கடைசியில் IN என்று முடியும். வேறு மாதிரி இருந்தால் எதில் அனுப்பினார் என்று திரும்பக் கேளுங்கள்.

லேபிள் கைக்கு வந்ததும் பின்கோடை ஒவ்வொரு இலக்கமாகப் படியுங்கள். சத்துவாச்சாரிக்கு 632009, வேலூர் தலைமை அஞ்சலகத்துக்கு 632001, ஒரு இலக்கம் மாறினாலும் வேறு அஞ்சலகத்துக்குப் போய்விடும். இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் ஆம்பூர் முகவரியில் பழக்கத்தில் வேலூர் மாவட்டம் என்று எழுதியிருந்தால்கூட 635802 சரியாக இருந்தால் வந்துவிடும். தப்பு தெரிந்தால் புக்கிங் செய்த இடத்தில் அனுப்பியவரையே திருத்தச் சொல்லுங்கள், நாம் சொல்வதை விட அவர் சொல்வதுதான் எடுபடும்.

வீடு பூட்டியிருந்தது என்று காட்டினால் காத்திருக்க வேண்டாம். டெலிவரி தரும் அஞ்சலகத்துக்கே அடையாள அட்டையோடு நேரில் போங்கள், சில நாள்தான் வைத்திருப்பார்கள், அப்புறம் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தபாலில் சிக்கல் என்றால் 1800 266 6868 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விற்றவர் பதிலே சொல்லவில்லையா? வாட்ஸ்அப்பில் கெஞ்சுவதை நிறுத்திவிட்டு, நீங்கள் வாங்கிய தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறமும் நடக்கவில்லை என்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆகவே ரசீதையும் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள்.

விலை உயர்ந்த பொருளுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் கேளுங்கள். இன்சூர் செய்யாத ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் தபால் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். பத்தாயிரம் ரூபாய் பொருளுக்கும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வராது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஆர்டர் போட்டவுடனேயே விற்பவருக்கு ஒரு செய்தியும் அனுப்பிவிடுங்கள்: பழைய பெட்டியில் அனுப்பினால் பழைய பார்கோடைக் கிழித்துவிடுங்கள், இல்லையென்றால் மெஷின் அதைப் படித்துவிடும். முகவரியை மை பேனாவில் எழுதாதீர்கள், ஐப்பசி மழையில் ஊறிப்போகும், முகவரியின் மேல் டேப்பும் ஒட்டுங்கள். என் முகவரியையும் ஃபோன் நம்பரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள்ளேயும் போடுங்கள், வெளி லேபிள் கிழிந்தாலும் திறந்து பார்ப்பவருக்கு யாருடையது என்று தெரியும்.