மும்பையில் வாலிபர் கூட்டத்துக்கு அவுட்டிங் போடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மும்பைத் தமிழ்க் கிறிஸ்தவ சபைகளில் வாலிபர் கூட்டத்துக்கு ஒரு பிக்னிக்கோ விளையாட்டு நாளோ திட்டமிடுவது பெரும்பாலும் நாலு பேர் வேலை. ஆராதனை முடிந்து சபை வாசலில் நின்றபடியே பேசி முடித்துவிடுவார்கள். அந்த நாலு பேரும் எங்கே, எப்போது வைத்தாலும் வரக்கூடியவர்கள். அவர்களுக்குத் தோதான இடமும் நேரமும் செலவும் முடிவாகிவிடும். வராதவர்களுக்கு ‘ஆர்வம் இல்லை’ என்று பெயர். யாரால் வர முடியாது, ஏன் முடியாது என்று யாரும் கேட்பதில்லை.

நாளைக் குறிப்பதிலேயே இது தெரிந்துவிடும். ஆராதனை முடிந்து அப்படியே கிளம்பலாம் என்று ஞாயிறைப் பிடிப்பார்கள். லோக்கல் ரயிலில் மெகா பிளாக், அதாவது பராமரிப்புக்காகப் பாதையை மணிக்கணக்கில் மூடுவது, வருவதும் ஞாயிறுதான். சென்ட்ரல் லைனில் மாட்டுங்கா–முலுண்ட் இடையே பிளாக் என்றால் ஃபாஸ்ட் வண்டிகளை ஸ்லோ பாதையில் திருப்பிவிடுவார்கள், எல்லாமே தாமதமாகும். தாராவியிலிருந்து வருகிறவருக்கு இது ஒன்றுமில்லை. கல்யாண், டோம்பிவிலியிலிருந்து வரும் பிள்ளைகள் பாதி வழியில் நிற்பார்கள். பிளாக் அறிவிப்பு ஓரிரு நாள் முன்னதாகவே வந்துவிடும். அதைப் பார்த்தபிறகு சந்திக்கும் நேரத்தை உறுதி செய்யுங்கள்.

மே மாத லீவில் வைக்கலாமே என்பார்கள். மே மாதம் பாதிப் பேர் திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ இருப்பார்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுவதால் மார்ச்சிலேயே டிக்கெட் போட்டு முடித்திருப்பார்கள். உங்கள் பிக்னிக்குக்காக யாரும் ஊர்ப் பயணத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள். பிப்ரவரி, மார்ச்சில் பன்னிரண்டாம், பத்தாம் வகுப்புத் தேர்வுகள். அதோடு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்தும் சேர்ந்துகொள்ளும். டிசம்பர் முழுக்க கேரல் ரவுண்ட்ஸ், வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாட்டு. என்னைக் கேட்டால் ஜனவரிதான் சரி. வெயில் உறைக்காது, மழையும் இல்லை.

மழை என்றதும் லோனாவாலா மலைப்பகுதி ஞாபகம் வரும். ஜூலையில் அருவிக்குப் போகலாம் என்று யாராவது ஒருவர் எல்லா வருடமும் சொல்வார். 2024 ஜூன் 30, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூஷி அணைக்கு அருகே ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. கணுக்கால் அளவு தண்ணீர் கொஞ்ச நேரத்தில் ஆளை இழுத்துவிடும். ‘நமக்கு நீச்சல் தெரியும்’ என்கிற வாலிபர்தான் முதலில் இறங்குவார். ஜூன் முதல் செப்டம்பர் வரை நீர்நிலை எதுவும் வேண்டாம் என்று கமிட்டியிலேயே முடிவெடுத்துவிடுங்கள். ஜுஹு கடற்கரைக்கும் இது பொருந்தும். கடல் நாலரை மீட்டருக்கு மேல் உயரும் நாள்களை மாநகராட்சி மழைக்காலத்துக்கு முன்பே பட்டியல் போட்டுவிடுகிறது. அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

தூரம் போனால்தான் அவுட்டிங் என்பதும் தேவையில்லாத எண்ணம். தாராவியை ஒட்டியிருக்கும் மகாராஷ்டிரா நேச்சர் பார்க் ஒரு காலத்தில் குப்பைமேடு, இப்போது காடு. பக்கத்திலேயே இருப்பதாலோ என்னவோ, அங்கே கூட்டிப்போகத் தோன்றுவதில்லை. போரிவலி நேஷனல் பார்க் போவதென்றால் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

பணம் இன்னும் நுணுக்கமான விஷயம். தலைக்கு ஐநூறு ரூபாய் என்று குரூப்பில் போட்டுவிட்டு, கொடுத்தவர்கள் பெயருக்கு நேரே டிக் போடும் வழக்கம் இருக்கிறதே, அதை இன்றே நிறுத்துங்கள். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் என்றால் ஆயிரத்து ஐநூறு. அந்த வீட்டுப் பிள்ளை காசு இல்லை என்று சொல்லாது. “டியூஷன் இருக்குண்ணா” என்றுதான் சொல்லும். ‘கஷ்டம் இருந்தால் தனியாகச் சொல்லுங்கள்’ என்பதும் பெரிதாக உதவாது, அந்த வயதில் யார் சொல்வார்கள்? சபையில் பெரியவர்கள் இரண்டு மூன்று பேரிடம் முன்கூட்டியே பேசி, கட்டணத்தை எல்லோருக்குமே குறைப்பதுதான் வழி. சாப்பாட்டை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொண்டால் பாதிச் செலவு போய்விடும்.

அடுத்து டர்ஃப் கிரிக்கெட், அதாவது செயற்கைப் புல் மைதானத்தில் ஆடுவது. மணிக்கணக்கில் வாடகை கொடுத்து எடுப்பார்கள், பையன்கள் விளையாடுவார்கள், பெண்பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போவார்கள். இதற்குப் பெயர் வாலிபர் விளையாட்டு விழா! த்ரோபால், ரிலே என்று கலந்து வைத்தால் என்ன?

இங்கேயே பிறந்து தங்களுக்குள் இந்தி பேசும் பிள்ளைகளும், வேலைக்காக ஊரிலிருந்து வந்து ஐரோலியிலோ அந்தேரியிலோ பிஜியில் (பேயிங் கெஸ்டாக) தங்கியிருப்பவர்களும் ஒரே கூட்டத்தில் இருப்பார்கள். இங்கே பிறந்தவர்களில் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது, ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இந்தி ஜோக் புரியாது. அணியை அவரவர் இஷ்டத்துக்குப் பிரிக்க விட்டால் மாலை வரை இரண்டு கூட்டமாகவே இருப்பார்கள். சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். வேத வினாடி வினா வைத்தால் கேள்வியை எழுதிக் காட்டாமல் வாயால் கேளுங்கள்.

போதகர் வந்தால் ஒரு செய்தி கொடுக்கச் சொல்வது மரியாதைதான். பத்து நிமிடம் என்று முன்பே பணிவாகச் சொல்லிவிடுங்கள். ஒரு மணி நேரப் பிரசங்கம் கேட்கப் பிள்ளைகள் போரிவலி வரை வரவில்லை. அதற்காக ஜெபமே இல்லாமல் நடத்தினால் அடுத்த முறை பெற்றோர் அனுப்ப மாட்டார்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். இரவு தங்கல் என்றால் பொறுப்பான அக்காமார் இருவராவது கூட இருக்க வேண்டும். இதில் பேரமே கிடையாது. யார் எந்த ஸ்டேஷனில் இறங்குகிறார்கள், அங்கிருந்து யாரோடு போகிறார்கள் என்று கிளம்பும் முன்பே எழுதி வையுங்கள். கேரல் ரவுண்ட்ஸுக்கும் இதேதான். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை இருப்பதால், கடைசி வீட்டை அதற்குள் முடிக்கும்படி வரிசை போடுங்கள்.

பணம் ஒருவருடைய யுபிஐ கணக்குக்குத்தான் வந்திருக்கும். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, வரவு செலவை அடுத்த ஞாயிறே எழுதிக் குரூப்பில் போட்டுவிடுங்கள். மீதி நாற்பது ரூபாய் என்றாலும் அதையும் சேர்த்து.