ஜன்னலைக் குறுக்கிப் பார்த்தால் போதாது: மொபைலுக்குத் தளம் அமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியில் தளத்தை முடித்ததும் பிரவுசர் ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக் குறுக்கிப் பார்ப்போம். பக்கத்தில் பக்கத்தில் இருந்தவை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். சரி, மொபைலுக்கும் தயார் என்று வேலையை முடித்துவிடுவோம். பல வருடம் நானும் இப்படித்தான் செய்தேன்.

ஒருமுறை திரை முழுக்க விரியும் பதிவுப் படிவம் ஒன்றை இப்படியே சோதித்து வெளியிட்டேன். பக்கம் ஸ்க்ரோல் ஆகாதபடி பூட்டியும் வைத்திருந்தேன். கணினியில் ஒரு குறையும் இல்லை. போனில் திறந்தபோதுதான் தெரிந்தது, ‘அனுப்பு’ பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்திருந்தது. பெயர், முகவரி எல்லாம் பொறுமையாகத் தட்டச்சு செய்தவர்கள் கடைசியில் அனுப்ப வழியில்லாமல் திரும்பியிருக்கிறார்கள். அதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

காரணம் 100விஹெச் என்ற அளவு. திரையின் முழு உயரம் என்று நம்பி அதைக் கொடுக்கிறோம். மொபைல் பிரவுசர்களோ முகவரிப் பட்டை சுருங்கிய பிறகு கிடைக்கும் உயரத்தையே 100விஹெச் என்று எடுத்துக்கொள்கின்றன. பட்டை விரிந்து நிற்கும்போது அந்த அளவுக்கு அடிப்பகுதி வெளியே போய்விடும். பட்டைக்கு ஏற்ப மாறும் டிவிஹெச் என்ற அலகு சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ், குரோம் மூன்றிலும் 2022இலேயே வந்துவிட்டது. அதைப் பயன்படுத்துங்கள். ஸ்க்ரோலைப் பூட்டும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

அடிப்படையான தவறு ஒன்று இன்னும் கண்ணில் படுகிறது: பக்கத்தை எந்த அகலத்தில் வரைய வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேகை விட்டுவிடுவது. அது இல்லையென்றால் மொபைல் பிரவுசர் உங்கள் பக்கத்தைப் பழைய கணினிப் பக்கம் என்று எண்ணி, சுமார் 980 பிக்சல் அகலத்தில் வரைந்து, அப்புறம் திரைக்குள் சுருக்கிவிடும். எழுத்தெல்லாம் எறும்பு அளவில் தெரியும். திரையின் அகலத்துக்கு ஏற்பத் தோற்றத்தை மாற்ற நீங்கள் எழுதிய மீடியா குவெரிகளும் வேலை செய்யாததுபோல் இருக்கும். சாதனத்தின் அகலத்தையே பக்கத்தின் அகலமாக எடுத்துக்கொள் என்று அதில் ஒரு வரி சொன்னால் போதும்.

அதே வரியில் சிலர் பெரிதாக்கிப் பார்ப்பதையும் தடுத்துவிடுகிறார்கள். இதை நான் கடுமையாக எதிர்ப்பேன். கண் பார்வை குறைந்தவர் இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்குவது அவருடைய உரிமை. எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்க முடிய வேண்டும் என்பது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் அணுகல் நெறிமுறையிலும் (டபிள்யூசிஏஜி) இருக்கிறது. பெரும்பாலும் இந்தத் தடையைப் போடுவதற்குக் காரணம், ஐபோனில் உள்ளீட்டுப் பெட்டியைத் தொட்டதும் பக்கம் தானாகப் பெரிதாகிவிடுவதுதான். பெட்டிக்குள் இருக்கும் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் சஃபாரி அப்படிச் செய்கிறது. 16 ஆக்கிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. யாரையும் தடுக்கத் தேவையில்லை.

மவுஸின் முனைக்கு ஒரு புள்ளி போதும், கட்டைவிரலுக்குப் போதாது. ஆப்பிள் 44 பாயிண்ட், ஆண்ட்ராய்டு 48 டிபி என்று, திரையின் நுணுக்கத்தைச் சாராத தத்தம் அலகுகளில் தொடும் இடத்துக்கு அளவு சொல்கின்றன. அந்த அணுகல் நெறிமுறையின் 2023இல் வந்த பதிப்பான டபிள்யூசிஏஜி 2.2 குறைந்தபட்சமாக 24 பிக்சல் கேட்கிறது. ‘நீக்கு’ பொத்தானை ‘சேமி’க்கு ஒட்டியே வைத்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் விரியும் மெனுக்களும் அப்படித்தான். தொடுதிரையில் அந்த ‘மேலே’ என்பதே கிடையாது.

படங்களில் நடப்பது கண்ணுக்குத் தெரியாத தவறு. 3000 பிக்சல் படத்தை, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மூலம் சிறிதாகக் காட்டினாலும் இறங்குவது முழுப் படம்தான். அதில் ‘காட்டாதே’ என்று சொல்லும் டிஸ்ப்ளே நன் போட்டு மறைத்த படமும் பெரும்பாலும் இறங்கிவிடும். வாசகரின் டேட்டாதான் கரைகிறது. படத்துக்கான குறியில் எழுதும் எஸ்ஆர்சிசெட் என்ற பண்பு மூலம் ஒரே படத்தைப் பல அளவுகளில் கொடுத்தால், தேவையானதை பிரவுசரே தேர்ந்தெடுக்கும். படத்தின் அகல, உயரத்தை எச்டிஎம்எல்லில் குறிப்பிட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் படம் வந்து இறங்கும் கணத்தில் வரிகள் குதிக்கும், தொடப்போன இணைப்புக்குப் பதில் வேறொன்றில் விரல் படும். முகப்பில் முதலில் தெரியும் பெரிய படத்துக்கு, திரைக்கு அருகில் வரும்போது மட்டும் இறக்கும் லேஸி லோடிங் வேண்டாம். சீக்கிரம் வர வேண்டியதைத் தாமதமாக்குவதாகிவிடும்.

தமிழில் தளம் அமைப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நம் சொற்கள் ஒட்டி ஒட்டி நீளும். ‘பயன்படுத்திக்கொண்டிருப்பவர்களுக்காக’ என்ற ஒற்றைச் சொல் பெரிய தலைப்பெழுத்தில் 320 பிக்சல் திரைக்குள் அடங்காது. பக்கமே பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். பலர் உடனே சிஎஸ்எஸ்ஸில், வெளியே வழிவதைக் காட்டாத ஓவர்ஃப்ளோ ஹிட்டன் போட்டு மறைத்துவிடுவார்கள். அப்போது ஆட்டம் நிற்கும், ஆனால் சொல்லின் வால் வெட்டுப்பட்டுப்போகும். அதற்குப் பதில் ஓவர்ஃப்ளோ ராப் கொடுத்தால் இடமில்லாத சொல் மட்டும் நடுவில் உடைந்து அடுத்த வரிக்கு மடங்கும். தலைப்பெழுத்தின் அளவையும் குறையுங்கள். பொத்தானுக்கு நிலையான அகலம் வைக்காதீர்கள், ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடிவது தமிழில் பத்தாகலாம். வரி இடைவெளியும் தாராளமாக இருக்கட்டும். மேல்வரியின் ‘கூ’வின் வளைவு கீழ்வரியின் ‘கீ’யின் மேற்சுழியில் இடித்தால் படிக்கவே மனம் வராது.

இடம் இல்லை என்று மொபைலில் பாதி உள்ளடக்கத்தை நீக்கிவிடுவதும் நல்லதல்ல. கூகுள் இப்போது தளங்களை மொபைல் வடிவத்தை வைத்தே தேடலில் சேர்க்கிறது. அங்கே இல்லாதது தேடலிலும் இருக்காது.

ஆகவே, வெளியிடும் முன் ஒரு பழைய போனை எடுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு, ஒரே கையில் பிடித்து, உங்கள் தளத்தின் மிக நீளமான படிவத்தை முதலிலிருந்து நிரப்புங்கள். கீபோர்டு மேலெழுந்து திரையின் பாதியை மூடும். அந்த நேரத்தில் தட்டச்சு செய்யும் பெட்டி தெரிகிறதா, தொலைபேசி எண்ணுக்கு எண் கீபோர்டு வருகிறதா, ‘அனுப்பு’ பொத்தானுக்குக் கட்டைவிரல் எட்டுகிறதா என்று பாருங்கள். கணினியில் குறுக்கிய ஜன்னலில் இந்த மூன்றுமே தெரியாது.